ஊசி முனையில் சேர்ந்த காசு

நூற்றாண்டு விழாவுக்கான ஆயத்தக் கூட்டமொன்றில் எழுந்த கேள்வியே இக்கட்டுரைக்குக் காரணம். உலகெங்கும் வாழும் பழைய மாணவிகள் ஆளுக்கொரு துண்டுத் துணியில் தமக்கு விருப்பமானதைத் தைத்து அனுப்புவது, அத்துண்டுகளை இணைத்துச் சில 'குயில்ட்' போர்வைகள் ஆக்குவது, அவற்றை ஏலத்தில் விட்டு வரும் பணத்தைப் புற்றுநோயால் துன்புறும் பிள்ளைகளின் நலனுக்குக் கொடுப்பது என்று ஒரு யோசனை முன்வைக்கப்பட்டது. பலருக்கும் அது பிடித்திருந்தது. அப்போது, கணக்கு வழக்கில் எப்போதும் நிதானமான ஒரு தங்கை எழுந்தார். "அக்காமார், ஆறு மாதம் இருந்து தைச்சு, தபாற்செலவும் செய்து அனுப்பி, பிறகு ஏலம் போட்டுத்தான் குடுக்க வேணுமே? ஆளுக்குக் கொஞ்சக் காசு வங்கியிலை போட்டால் ஒரு கிழமையிலை அலுவல் முடிஞ்சிடும்" என்றார்.

நியாயமான கேள்வி. அன்று எங்களில் ஒருவராலும் அதற்குச் சரியான மறுமொழி சொல்ல முடியவில்லை. வரலாறு படிப்பித்து ஓய்வு பெற்றவள் என்பதால் அந்தக் கேள்வி என்னோடு வீடுவரை வந்துவிட்டது. ஏறக்குறைய இருநூறு ஆண்டுகளாக மேற்கு நாட்டுப் பெண்கள் ஊசியாலும் நூலாலும் பணம் சேர்த்த கதையைத் தேடிப் படிக்கத் தொடங்கினேன். படிக்கப் படிக்க, அந்தக் கதையின் ஓர் இழை எமது யாழ்ப்பாண மண்ணுக்கும் வந்திருப்பது தெரிந்தது. அந்தத் தங்கைக்கு அன்று சொல்லாமல் விட்ட மறுமொழியை இந்த மலரின் வழியாகச் சொல்ல முயல்கிறேன்.

போர்வையும் ஏலமும்

குளிரில்லாத எமது ஊரில் குயில்ட் என்ற பொருளுக்குத் தேவை இருந்ததில்லை. அம்மாவின் பழைய நூற்சேலையை நான்காக மடித்தால் குழந்தைக்குப் படுக்கை. அதையே வளையில் கட்டினால் ஏணை. வங்காளத்துப் பெண்கள் பழைய சேலைகளை ஒன்றன்மேல் ஒன்றாக அடுக்கி, ஓட்டத்தையலால் இணைத்துக் 'காந்தா' என்ற போர்வை செய்வார்கள். குயில்டும் ஏறக்குறைய அதுதான். மேலே துண்டுத் துணிகளை இணைத்துச் செய்த ஒரு படை, நடுவே பஞ்சுப் படை, கீழே ஒரு துணி. இந்த மூன்றையும் பெரிய மரச்சட்டத்தில் இழுத்துக் கட்டி, சுற்றிவர ஏழெட்டுப் பெண்கள் இருந்து, சிறு சிறு தையல்களால் ஒன்றாக்குவார்கள். ஒரு பெரிய கட்டிலுக்கான குயில்டை முழுக்கக் கையால் தைத்து முடிக்க நூற்றுக்கணக்கான மணித்தியாலங்கள் செல்லும்.

தையல் வகுப்பில் நாம் வெட்டித் தைத்த துண்டுத்துணித் தலையணை உறைகள் உங்களுக்கு நினைவிருக்கும். வீட்டுக்குப் பக்கத்தில் இருந்த தையற்காரரிடம் கெஞ்சி வாங்கிய வெட்டுத்துண்டுகள், மூலை பொருந்தாவிட்டால் முழுவதையும் பிரிக்கச் சொன்ன ஆசிரியை, விரல் நுனியில் ஊசி குத்திய தழும்பு. அதுதான் குயில்டின் அரிச்சுவடி.

ஏலமும் எமக்குப் புதிதன்று. கோவில் திருவிழாவில் ஒரு மாம்பழம் ஏலத்தில் ஆயிரக்கணக்கில், சில வேளை இலட்சக்கணக்கில் போன செய்தியை நாம் வாசித்திருக்கிறோம். அம்மனுக்குச் சாத்திய சேலையைக் கூட்டத்தின் நடுவே கூறி விற்பதையும் கண்டிருக்கிறோம். தேவாலயங்களின் அறுவடை விழாவில் ஒரு வாழைக்குலை சந்தை விலையைப்போலப் பல மடங்குக்குப் போகும். அந்த விலை மாம்பழத்துக்கோ வாழைக்குலைக்கோ உரியதன்று என்பது வாங்குபவருக்கும் தெரியும், கூறுபவருக்கும் தெரியும், பார்த்துக்கொண்டு நிற்கும் சிறுபிள்ளைக்கும் தெரியும். பலர் பார்க்க ஒரு நல்ல காரியத்துக்குக் கொடுப்பதற்கு அந்தப் பொருள் ஒரு வாசல். குயில்ட் ஏலத்தின் சூட்சுமமும் இதுவே.

ஒரு தொட்டிற் போர்வை, 1836

அமெரிக்காவின் பொஸ்ரன் நகரில் அடிமை முறைக்கு எதிரான பெண்கள் சங்கத்தினர் 1834ஆம் ஆண்டிலிருந்து ஆண்டுதோறும் நத்தாரை அண்டி ஒரு விற்பனைச் சந்தை நடத்தினார்கள். விற்கப்பட்டவை பெரும்பாலும் பெண்களின் கைவேலைகள். 1836 டிசெம்பரில் நடந்த சந்தையில் ஒரு சிறிய தொட்டிற் போர்வை விற்பனைக்கு வந்தது. அதன் நடுவில் இருந்த நட்சத்திரத்தில், தன் குழந்தையை அணைத்திருக்கும் தாய், குழந்தையைப் பறிகொடுக்கும் அடிமைத் தாயை ஒரு கணம் நினைக்க வேண்டும் என்ற பொருள்பட மையினால் சில வரிகள் எழுதப்பட்டிருந்தன. அதைச் செய்தவர் எழுத்தாளர் லிடியா மரியா சைல்ட் என்று கருதப்படுகிறது. அது 5 டொலருக்கு விலைபோனது. அந்தப் போர்வை இன்றும் பாதுகாக்கப்பட்டு வருகிறது.

5 டொலர் பெரிய தொகையன்று. ஆனால் அந்தச் சங்கத்துப் பெண்களுக்கு வேறு வழி எது? அக்காலச் சட்டப்படி மணமான பெண்ணின் உழைப்பும் உடைமையும் கணவனுடையவை. நியூயோர்க் மாநிலத்தில் 1848இலும், பொஸ்ரன் அமைந்துள்ள மசாசூசெற்ஸ் மாநிலத்தில் 1855இலும் வந்த சட்டங்கள்தான் இதைத் தளர்த்தத் தொடங்கின. எமது தேசவழமையும் பெண்ணுக்குச் சீதனக் காணியை அவளுடையது என்று எழுதிக் கொடுத்துவிட்டு, அதைக் கணவனின் சம்மதமின்றி விற்க முடியாது என்றது. தன் பெயரில் காசில்லாத பெண்ணுக்குத் தன் கையில் இருந்தவை ஊசியும், வீட்டு வேலை முடிந்த பின் மிஞ்சிய பொழுதும். அந்தப் பொழுதைத் தையலாக்கி, தையலைக் காசாக்கி, அந்தக் காசைத் தானே தீர்மானித்த காரியத்துக்கு அவள் கொடுத்தாள். சந்தைக்கு வந்து வாங்கியவர்களுள் பணமுள்ள ஆண்களும் இருந்தார்கள். கேட்டுப் பெறமுடியாத பணத்தை அவள் விற்றுப் பெற்றாள்.

தெல்லிப்பழைக்கு வந்த இழை

அதே காலத்தில், பொஸ்ரனைச் சூழ்ந்த ஊர்களில் வேறொரு வகைத் தையற் குழுக்களும் இருந்தன. வாரம் ஒரு நாள் கூடித் தைத்து விற்று, வந்த சில்லறையை வெளிநாட்டு மிஷன் பணிக்கு அனுப்பிய பெண்கள் அவர்கள். வாரம் ஒரு சதம் என்று சேர்த்த பெண்கள் சங்கங்களும் இருந்தன. அந்தச் சில்லறைகள் போய்ச் சேர்ந்த இடங்களுள் ஒன்று யாழ்ப்பாணம். அமெரிக்க மிஷனரிமார் 1816இல் முதலில் குடியமர்ந்த இடம் தெல்லிப்பழை. 1824இல் உடுவிலில் பெண்பிள்ளைகளுக்கான விடுதிப் பாடசாலை தொடங்கியது. பெண்பிள்ளைக்குப் படிப்பு எதற்கு என்று ஊர் கேட்ட காலத்தில், முகம் தெரியாத பெண்கள் ஊசியால் சேர்த்த காசும் அந்த விடுதிப் பிள்ளைகளின் சோற்றுக்கும் புத்தகத்துக்கும் உதவியது.

எமது பெண்களும் கைகட்டி இருக்கவில்லை. உலையில் போடுமுன் ஒரு பிடி அரிசியைத் தனிப் பானையில் இட்டு வைக்கும் 'பிடியரிசி' வழக்கத்தால் தேவாலயங்களும் வளர்ந்தன, சைவப் பாடசாலைகளும் வளர்ந்தன. பொஸ்ரன் பெண் தன் பொழுதிலிருந்து எடுத்தாள். யாழ்ப்பாணத்துப் பெண் தன் பங்குச் சோற்றிலிருந்து எடுத்தாள். 19ஆம் நூற்றாண்டின் இறுதியில் இணுவிலில் பெண்களுக்கும் பிள்ளைகளுக்குமென எழுந்த மக்லியொட் வைத்தியசாலைக்காக, மேரி, மார்கிறெற் லீச் என்ற சகோதரிகள் கடல்கடந்த ஊர்களில் சென்று நிதி திரட்டினார்கள். நோயுற்ற பிள்ளைக்காகத் தூரதேசத்தில் காசு சேர்ப்பது எமது மண்ணில் நேற்றுத் தொடங்கிய வழக்கமன்று.

ஆனால் வரலாறு படிப்பித்தவள் ஒன்றை மறைக்கக் கூடாது. அந்நாளில் ஒரு பிள்ளையின் செலவை ஏற்றுக்கொண்ட அமெரிக்கக் கொடையாளர், தாம் விரும்பிய பெயரை அந்தப் பிள்ளைக்கு இடுமாறு கேட்கலாம். அப்படித்தான் எமது முன்னோர் பலருக்கு நியூ இங்கிலாந்துக் குடும்பங்களின் பெயர்கள் வந்தன. கொடுத்தவரின் பெயர் வாழ்ந்தது. பெற்ற பிள்ளைக்கு வீட்டில் தாய் வைத்த பெயர் ஏட்டில் இல்லாமற் போனது. அவர்கள் அதைத் தீங்காக நினைத்துச் செய்யவில்லை. என்றாலும், உதவி பெறும் பிள்ளையிடமிருந்து நாம் எதை எடுத்துக்கொள்கிறோம் என்ற கேள்வி அன்றே தொடங்கிவிட்டது. இன்று நாம் தைக்க எண்ணும் போர்வைக்கும் அது பொருந்தும்.

பெயருக்கு ஒரு விலை

19ஆம் நூற்றாண்டின் பிற்பகுதியில் இன்னொரு வழி பரவியது. சிறு தொகை, பெரும்பாலும் 10 சதம், கொடுத்தால் உங்கள் பெயரைக் குயில்டில் நூலால் தைப்பார்கள். ஒரு போர்வையில் நூற்றுக்கணக்கான பெயர்கள் இடம்பெறும். முடிந்த போர்வையை ஏலத்திலோ குலுக்கற் சீட்டிலோ விடுவார்கள். ஆக, ஒரே போர்வை இரண்டு முறை காசு தரும். ஏலத்தில் எடுத்தவர் அதைத் திருப்பிக் கொடுத்து மீண்டும் ஏலம் விடச் செய்வதும் உண்டு. அப்போது மூன்றாம் முறையும் தரும். எமது கணக்காளத் தங்கைக்கு இந்தக் கணக்குப் பிடிக்கும் என நினைக்கிறேன்.

முதலாம் உலகப் போரின்போது, 1917 டிசெம்பரில், 'மொடர்ன் பிரிசில்லா' என்ற பெண்கள் சஞ்சிகை இவ்வகைக் குயில்ட் ஒன்றின் மாதிரியை வெளியிட்டு, அதைக்கொண்டு செஞ்சிலுவைச் சங்கத்துக்கு 1000 டொலர் திரட்டலாம் என்று கணக்கும் காட்டியது. வெள்ளைத் துணியில் சிவப்பு நூலால் பெயர்கள் நிறைந்த அப்போர்வைகள் பல இன்று நூதனசாலைகளில் உள்ளன. ஊர்க் கடைக்காரர், ஆசிரியை, போருக்குப் போன மகன் என ஒரு கிராமமே ஒரு போர்வைக்குள் இருக்கிறது. ஊரின் இடாப்பு என்றே அதைச் சொல்லலாம்.

இரண்டாம் உலகப் போருக்குப் பின் குயில்ட் ஏலத்தைப் பெரிய அளவில் வளர்த்தவர்கள் மெனோனைற் என்ற கிறிஸ்தவப் பிரிவினர். அவர்களது நிவாரண விற்பனைகளின் தொடக்கம் 1957இல் பென்சில்வேனியாவின் மோர்கன்ரவுண் என்ற ஊரில். கனடாவில் வாழும் எமது தோழிகளுக்கு ஒரு செய்தி: ஒன்ராறியோவின் நியூ ஹம்பேர்க் என்ற ஊரில் 1967இலிருந்து இத்தகைய விற்பனை நடந்து வந்திருக்கிறது. அதன் பெரும் சிறப்பு குயில்ட் ஏலம். பஞ்சமும் போரும் வந்த நாடுகளுக்கு அப்பணம் போகிறது. இத்தகைய விற்பனைகள் சிலவற்றில் வீட்டில் சுட்ட ஒரு றாத்தல் பாணும் ஏலத்துக்கு வந்து ஆயிரக்கணக்கான டொலருக்குப் போகும். கோவில் மாம்பழம் அங்கே பாணாகியிருக்கிறது, அவ்வளவுதான்.

இவற்றுக்கு மாறான ஒரு நிகழ்வையும் சொல்ல வேண்டும். 1966இல் அமெரிக்காவின் அலபாமா மாநிலத்தில், வாக்குரிமை கேட்டதற்காக வேலையும் குடியிருப்பும் இழந்த கறுப்பினக் குடும்பங்கள் பல இருந்தன. அவ்வூர்ப் பெண்கள் தைத்திருந்த குயில்ட்களைப் பிரான்சிஸ் வோல்ற்றர் என்ற பாதிரியார் ஒவ்வொன்றும் 10 டொலர் கொடுத்து வாங்கி நியூயோர்க்கில் ஏலம் விட்டார். அவ்வாண்டிலேயே அப்பெண்கள் தமக்கென ஒரு கூட்டுறவுச் சங்கம் அமைத்தார்கள். இங்கே தைத்தவரே உதவி தேவைப்பட்டவர். ஊசி பிடித்த கைக்கும் கூலி வேண்டும் என்பதை இந்த நிகழ்வு நினைவூட்டுகிறது. நாம் இலவசமாகத் தைக்கலாம், அது எமது விருப்பம். ஆனால் இணைக்கும் வேலையை ஊரில் தையல் செய்து பிழைக்கும் பெண்ணிடம் கொடுத்தால், அவருக்கு உரிய கூலியைக் கொடுத்தே ஆக வேண்டும்.

அதே பொஸ்ரனில், 1948

இனிப் பிள்ளைகளின் கதைக்கு வருவோம். 1947ஆம் ஆண்டுவரை, இரத்தப் புற்றுநோய் என்று தெரிந்த பிள்ளைக்குச் சில வாரங்கள், மிஞ்சினால் சில மாதங்கள் என்பதே வைத்தியரின் கணக்கு. அவ்வாண்டின் இறுதியில் பொஸ்ரனில் சிட்னி பார்பர் என்ற வைத்தியர் அமினோப்ரெறின் என்ற மருந்தைப் பிள்ளைகளுக்குக் கொடுத்துப் பார்த்தார். 16 பிள்ளைகளில் 10 பேருக்கு நோய் தற்காலிகமாகப் பின்வாங்கியதாக 1948 யூன் மாதத்தில் அவர் அறிவித்தார். மிகக் குறுகிய விடுதலைதான். ஆனாலும் பூட்டியிருந்த கதவு முதன்முறையாக அசைந்தது. அந்த மருந்தை ஆக்கிக் கொடுத்த ஆய்வுகூடத்தின் தலைமை விஞ்ஞானி எல்லாப்பிரகட சுப்பாராவ், ஆந்திராவில் பிறந்து சென்னை மருத்துவக் கல்லூரியில் படித்தவர். அதே 1948இல், இதன் பெரும்பயனைக் காணாமலே அவர் காலமானார்.

மருந்து தேடுவதற்குப் பணம் வேண்டியிருந்தது. 1948 மே 22ஆம் திகதி இரவு, ஒரு வானொலி நிகழ்ச்சி பார்பரின் வைத்தியசாலையில் இருந்த 12 வயதுப் பையன் ஒருவனோடு பேசியது. அவனுக்குப் பிடித்த பேஸ்போல் அணி வீரர்கள் அவன் கட்டிலருகே வந்து நின்றார்கள். அவன் ஆட்டத்தைப் பார்க்க ஒரு தொலைக்காட்சிப் பெட்டி வாங்கிக் கொடுப்போம் என்று நேயர்களிடம் கேட்கப்பட்டது. 20,000 டொலர் எதிர்பார்த்த இடத்தில் 200,000 டொலருக்கு மேல் வந்தது. பெரும்பகுதி சாதாரண மக்கள் அனுப்பிய சிறுதொகைகள். 'ஜிம்மி' என்று அவனை அழைத்தார்களே தவிர, அவனது உண்மைப் பெயரை வெளியிடவில்லை. அவன் இறந்துவிட்டதாகவே பலரும் நினைத்திருக்க, 50 ஆண்டுகள் கழித்து, 1998இல், ஐனார் கஸ்ராப்சன் என்ற தன் சொந்தப் பெயரோடு அவர் உலகின் முன் வந்து நின்றார். குணமாகி, பிள்ளைகள் பெற்று, வாழ்ந்து 2001இல் காலமானார்.

உடுவிலிலும் தெல்லிப்பழையிலும் பிள்ளைகளின் பெயரை மாற்றிய கதையை மேலே சொன்னேன். இங்கேயும் ஒரு பிள்ளைக்கு வேறு பெயர் இட்டார்கள். ஆனால் அந்தப் பெயர் அவனை மறைத்துக் காத்தது. அவன் தன் பெயரைத் தானே, தனக்கு விருப்பமான வேளையில், உலகுக்குச் சொல்லும்படி விட்டுவைத்தது. இரண்டுக்கும் உள்ள வேறுபாட்டை நான் பல நாள் யோசித்தேன்.

பின்னர் வந்த மருந்துகளுள் ஒன்று எமது வீட்டு வேலியோரத்துச் செடியிலிருந்து வந்தது. நாம் பட்டிப்பூ என்றும் நித்தியகல்யாணி என்றும் சொல்லும் செடியிலிருந்து பிரித்தெடுத்த வின்கிறிஸ்ரின் 1963இல் அமெரிக்காவில் பாவனைக்கு அனுமதி பெற்றது. பிள்ளைகளின் இரத்தப் புற்றுநோய்க்கு அது இன்றும் கொடுக்கப்படுகிறது. 1962இல் மெம்பிஸ் நகரில் சென் யூட் ஆய்வு வைத்தியசாலை திறந்தபோது, பிள்ளைகளில் மிகப் பொதுவான இரத்தப் புற்றுநோயிலிருந்து பிழைத்தவர்கள் நூற்றுக்கு நான்கு பேரே. இன்று வசதி படைத்த நாடுகளில் நூற்றுக்குத் தொண்ணூறு பேருக்கு மேல் பிழைக்கிறார்கள். அந்த நான்குக்கும் தொண்ணூறுக்கும் இடைப்பட்ட காலத்தை நிரப்பியதில் அரசுகளின் பெரும்பணத்தோடு, வானொலிக்கு அனுப்பிய சில்லறைக்கும் விற்பனைச் சந்தைகளின் சில்லறைக்கும் பங்கு உண்டு. இன்று அமெரிக்கா, கனடா, அவுஸ்திரேலியா எங்கும் தையற் குழுக்கள் இப்பிள்ளைகளுக்காகக் குயில்ட் தைத்து ஏலம் விடுகின்றன. செப்ரெம்பர் மாதத்தில், பிள்ளைகளின் புற்றுநோய்க்கு அடையாளமான பொன்னிற நாடாவைப் பல போர்வைகளில் காணலாம்.

எமது பிள்ளைகள்

உலக சுகாதார நிறுவனத்தின் மதிப்பீட்டின்படி ஆண்டுதோறும் சுமார் 4 இலட்சம் பிள்ளைகளும் இளவயதினரும் புற்றுநோய்க்கு ஆளாகிறார்கள். உயர் வருமான நாடுகளில் 80 வீதத்துக்கு மேற்பட்டோர் குணமடைகின்றனர். வறிய நாடுகள் பலவற்றில் 30 வீதம்கூட இல்லை. 2030க்குள் உலகெங்கும் குறைந்தது 60 வீதமாவது பிழைக்க வேண்டும் என்ற இலக்கை அந்நிறுவனம் 2018இல் வைத்தது. பிந்திக் கண்டறிதல், மருந்து கிடையாமை என்பவற்றோடு, தொடங்கிய சிகிச்சையை இடையில் கைவிடுதலும் பிள்ளைகள் இறப்பதற்கான காரணங்களுள் ஒன்று.

இந்தக் கடைசிக் காரணத்தில்தான் எம்மைப் போன்றவர்களுக்கு வேலை இருக்கிறது. எமது நாட்டில் அரச வைத்தியசாலையில் சிகிச்சை இலவசம். ஆனால் இரத்தப் புற்றுநோய்ச் சிகிச்சை இரண்டு, மூன்று ஆண்டுகள் செல்லும். வடக்கிலிருந்து மகரகம வைத்தியசாலைக்குப் போகும் தாய் ஏறக்குறைய 400 கிலோமீற்றர் போக வேண்டும். பஸ் காசு, தங்குமிடம், சாப்பாடு, அவள் இழக்கும் நாட்கூலி, வீட்டில் விட்டுவந்த மற்றப் பிள்ளைகள். மருந்துக்குக் காசில்லாமல் நின்றுபோகாத சிகிச்சை, பஸ்சுக்குக் காசில்லாமல் நின்றுபோகலாம். ஒரு முறை கொடுக்கும் பெருந்தொகையைவிட, மூன்று ஆண்டுகள் தவறாமல் போகும் சிறுதொகை அவளுக்குப் பயன்படும்.

2011இல் தேவேந்திரமுனையிலிருந்து பருத்தித்துறைவரை ஒரு நடைபயணம் நடந்ததை நாம் அறிவோம். நாட்டின் தென்முனையிலிருந்து வடமுனைவரை நடந்து, வழியெல்லாம் மக்களிடம் சேர்த்த பணம் தெல்லிப்பழையில் புற்றுநோய் வைத்தியசாலை எழ உதவியது. 1816இல் கடல்கடந்த சில்லறை வந்து சேர்ந்த அதே தெல்லிப்பழை. இம்முறை காசு சேர்த்தவர்கள் எமது நாட்டவரே, பெரும்பகுதியினர் சிங்களம் பேசும் மக்கள். 2016இல் அதே நடை திரும்பி, வடக்கிலிருந்து தெற்கே, காலி கராப்பிட்டிய வைத்தியசாலைக்காக நடந்தது. நேரே வங்கியில் போட்டிருக்கலாம், ஏன் நடந்தார்கள் என்று எவரும் கேட்கவில்லை. நடந்தபடியால்தான் காசு சேர்ந்தது. காசோடு வேறு சிலவும் சேர்ந்தன.

தங்கைக்கு என் மறுமொழி

காசை மட்டும் எண்ணினால் தங்கை சொன்னதே சரி. நாம் தைக்கும் மணித்தியாலங்களுக்குக் கூலி போட்டுப் பார்த்தால் எந்தக் குயில்ட் ஏலமும் நட்டம்தான். இயன்றவர்கள் வங்கியில் போடட்டும்; அந்தக் கணக்கை இன்றே திறப்போம்.

ஆனால் எங்கள் எல்லோரிடமும் காசு இல்லை. ஓய்வூதியத்தில் மருந்து வாங்கிக்கொண்டு வாழும் அக்காமார் இருக்கிறார்கள். போரில் எல்லாம் இழந்து மீண்டவர்கள் இருக்கிறார்கள். ரொறொன்ரோவிலும் இலண்டனிலும் மெல்பேர்ணிலும் பிள்ளைகளின் வீட்டில் பேரப்பிள்ளைகளைப் பார்த்துக்கொண்டு, தம் பெயரில் ஒரு வங்கிக் கணக்குக்கூட இல்லாத அம்மாமார் இருக்கிறார்கள். ஒரு நூறு டொலர் கொடுக்க மகனிடமோ மருமகனிடமோ கேட்க வேண்டிய நிலை அவர்களுக்கு. 1836இல் பொஸ்ரனில் இருந்த பெண்ணின் நிலைக்கும் இதற்கும் எவ்வளவு தூரம்? வங்கியில் மட்டும் சேர்த்தால் அந்த அம்மாவின் பெயர் எமது பட்டியலில் வராது. ஒரு துண்டுத் துணியும் ஊசியும் என்றால் அவரும் எவரையும் கேளாமல் கொடுப்பார், எல்லோருக்கும் சமமாக. இதுதான் என் மறுமொழி. சங்கம் என்ற சொல்லுக்கு இதைவிட வேறு பொருள் எனக்குத் தெரியவில்லை.

வரலாறு கற்பித்தவற்றிலிருந்து மூன்று வேண்டுகோள்களை முன்வைத்து முடிக்கிறேன். முதலாவது, தைத்த ஒவ்வொருவரின் பெயரும் ஊரும் படித்த ஆண்டும் போர்வையின் பின்புறத்தில் தைக்கப்பட வேண்டும். ஏலத்தில் போன எத்தனையோ போர்வைகளைத் தைத்தவர் யாரென்று இன்று எவருக்கும் தெரியாது. இரண்டாவது, உதவி பெறும் பிள்ளைகளின் பெயரையோ படத்தையோ நாம் ஓரிடத்திலும் போடக் கூடாது. தலைமுடி கொட்டிய பிள்ளையின் படத்தைக் காட்டினால் ஏலத்தில் விலை கூடும் என்பது உண்மை. ஆனாலும் வேண்டாம். அந்தப் பிள்ளை வளர்ந்து, விரும்பினால், தன் கதையைத் தானே சொல்லட்டும். மூன்றாவது, வரும் பணத்தை ஒரே நாளில் மேடையில் கையளித்துப் படம் எடுத்து முடிக்காமல், பயணத்துக்கும் தங்குமிடத்துக்குமென மூன்று ஆண்டுகள் பிரித்துக் கொடுத்து, ஆண்டுதோறும் கணக்கை எமது பொதுக்கூட்டத்தில் வாசிக்க வேண்டும்.

துண்டின் அளவு 12 அங்குலம் என்று முடிவாகியிருக்கிறது. சுற்றிவர அரை அங்குலம் தையலுக்கு விட்டு வெட்டுங்கள். மூலை பொருந்தாவிட்டால் என்ன நடக்கும் என்று உங்களுக்குத் தெரியும். எனது துண்டில் ஒரு பட்டிப்பூவைத் தைக்கத் தொடங்கியிருக்கிறேன். கண் முன்புபோல் இல்லை. ஊசியில் நூல் கோத்துத் தருவது என் பேத்தி. அவளும் தனக்கொரு துண்டு கேட்டிருக்கிறாள்.